கரண்ட் வைத்த பிறகு வரும் மறதி: எத்தனையாவது வாரம் என்று முதலில் எண்ணுங்கள்

குடியாத்தத்திலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவியதால் வேலூரில் தலை முழுக்கப் பத்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்தார்கள். முடிந்து ஏழு வாரம் ஆகிறது. இப்போது பகலெல்லாம் தூங்குகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுகிறார். "கரண்ட்டு வெச்சு மூளையே வெந்துபோச்சு" என்கிறார்கள் உறவுக்காரர்கள். இது சரியாகுமா, இல்லை இனி இப்படித்தானா?

முதலில் அந்த "வெந்துபோச்சு" என்ற பேச்சை முடித்துவிடலாம். கரண்ட் என்று நாம் சொன்னாலும் அதில் மின்சாரம் உடம்புக்குள் போவதில்லை. அது அதிக ஆற்றலுள்ள எக்ஸ்-ரே. கதிரை அளக்கும் அலகு கிரே. வழக்கமான கணக்கு மொத்தம் 30 கிரே, ஒரு நாளைக்கு 3 கிரே வீதம் பத்து நாள். சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் இரண்டு வாரம் ஆகும். ஒரு நாள் கொடுக்கும் 3 கிரே மூளையின் சூட்டை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயர்த்தாது. ஒரு வாய் சூடான காபி குடித்தால் உடம்பில் ஏறும் சூடு இதைவிடப் பல மடங்கு. ஆகவே எதுவும் வேகவில்லை. நடப்பது வேறு, அது மெதுவாக நடக்கிறது.

மூளையில் நரம்பிழைகள் மேல் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு, மின்கம்பிக்கு மேல் ரப்பர் மாதிரி. அந்த உறையைப் பராமரிக்கும் செல்கள் கதிர்வீச்சுக்குச் சட்டென்று பாதிக்கப்படும். பல வாரங்களுக்கு உறை மெலிந்திருக்கும், பிறகு ஓரளவு திரும்ப வளரும். இரண்டாவது இடம் ஹிப்போகேம்பஸ். காதுக்கு உள்பக்கமாக, இரண்டு பக்கமும் சுண்டுவிரல் அளவுக்கு வளைந்து கிடக்கும் பகுதி. இன்று கேட்டதை நாளைக்கு நினைவில் வைக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. அங்கிருக்கும் இளம் செல்கள் குறைந்த அளவுக் கதிருக்கே தாக்குப்பிடிக்காது. மூன்றாவது, நுண்ணிய ரத்தக்குழாய்கள். அவை கெடுவதற்கு மாதங்கள், வருடங்கள்கூட ஆகும். மறதி எப்போது வருகிறது என்பதை வைத்தே எது கெட்டிருக்கிறது என்று பாதி ஊகித்துவிடலாம். அதனால்தான் காலண்டரில் சிகிச்சை முடிந்த கடைசி நாளை வட்டம் போட்டு, அங்கிருந்து எண்ணச் சொல்கிறேன்.

சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த முதல் சில வாரங்களிலும் வருவது தலைவலி, குமட்டல், அசதி. மூளை வீங்குவதால் வருவது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் அடங்கும். தலைமுடியும் இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும், மாதங்களில் பெரும்பாலும் திரும்ப முளைக்கும்.

ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ளது இரண்டாவது கட்டம். உங்கள் அம்மா இருப்பது இதில். பகல் முழுக்கத் தூக்கம், சோர்வு, பேச்சுக்குப் பதில் வரத் தாமதம், புதிதாகச் சொன்னது நிற்காமல் போவது. இதற்கு முக்கியக் காரணம் அந்த உறை மெலிவது. தூக்கமும் மந்தமும் பெரும்பாலும் தானாக விலகும். மறதி சிலருக்கு நன்றாகத் திரும்பும், சிலருக்குப் பாதிதான் திரும்பும். இந்தக் கட்டத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ-யில் கட்டி கொஞ்சம் பெரிதானதுபோல் தெரிந்து, அடுத்த ஸ்கேனில் தானே சுருங்குவதும் உண்டு. ஒரே ஸ்கேனைப் பார்த்து "திரும்ப வந்துடுச்சு" என்று முடிவுகட்டாதீர்கள், மருத்துவரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

ஆறு மாதம் தாண்டி, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குப் பிறகு வருவதுதான் கவலைக்குரியது. அது திரும்புவதில்லை, மெல்ல ஏறும். அதன் முகம் வேறு மாதிரி இருக்கும். கால் தரையில் ஒட்டினாற்போல் குட்டிக்குட்டி அடியாக நடப்பார்கள், சிறுநீர் அடக்க முடியாமல் போகும், எதிலும் நாட்டம் இருக்காது. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படி ஆன 12 பேரை விவரித்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாள் அளவே 3 முதல் 6 கிரே வரை இருந்தது. ஒரு நாளைக்குப் பெரிய அளவாகக் கொடுக்கும்போது நல்ல திசுவுக்கு அடி அதிகம் என்பது அப்போதிலிருந்து நினைவில் வைக்கப்படுகிறது. 60 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், மெத்தோட்ரெக்சேட் போன்ற கீமோ மருந்துகளும் சேர்த்து வாங்கியவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

ஆக, ஏழாவது வாரத்தில் வரும் தூக்கமும் மறதியும் "இனி இப்படித்தான்" என்பதற்கு அடையாளம் அல்ல. ஆனால் கரண்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவும் கூடாது. வீட்டில் பெரும்பாலும் நடக்கும் தவறு இதுதான். சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று அடியில் இருக்கும், எல்லாப் பழியும் கரண்ட் மேல் போயிருக்கும்.

டெக்சாமெத்தசோனிலிருந்து தொடங்குங்கள். இப்போதும் போடுகிறாரா, எவ்வளவு, எப்போது நிறுத்தினார்கள்? இரவில் போட்டால் தூக்கம் போய், பகலில் சாய்ந்துவிடுவார். சாப்பிட்ட பிறகு காலையில் ஒன்று, இரண்டாவது இருந்தால் மதியம் இரண்டு மணிக்குள் என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வாரக்கணக்கில் போட்டவர்களுக்குத் தொடைத் தசை இளைக்கும். இந்திய முறைக் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியாது. அதைப் பார்த்துப் பக்கவாதம் என்று பதறுவார்கள். சர்க்கரையும் ஏறும், முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும். 350, 400 என்று ஓடும் சர்க்கரையே ஒரு மனிதரைக் குழப்பத்தில் தள்ளிவிடும். மாறாக, "ஸ்டீராய்டு கெடுதல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சட்டென்று நிறுத்தினால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சோம்பிக் கிடக்கும். வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்கி எழவே முடியாத அசதி. படிப்படியாகக் குறைப்பதற்குக் காரணமே அதுதான். அம்மா விஷயத்தில் நான் முதலில் கேட்பது இந்த மாத்திரையின் கணக்குத்தான்.

அடுத்தது ரத்தத்தில் சோடியம். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். பசியில்லாமல், வாந்தியோடு, உப்பில்லாக் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு இருப்பவருக்குச் சோடியம் இறங்கினால் தூக்கமும் குழப்பமும்தான் முதலில் தெரியும். சோடியம், சர்க்கரை, தைராய்டு டி.எஸ்.எச், பி12, ஹீமோகுளோபின், கிரியேட்டினின் ஆகியவற்றைக் குடியாத்தத்திலேயே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம். வேலூருக்குக் கிளம்பும் முன் இந்த முடிவுகள் கையில் இருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

பிறகு மற்ற மாத்திரைகள். தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, வலிப்பு மாத்திரை எல்லாமே மந்தம் தரும். லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை சிலரை எரிந்து விழ வைக்கும். "அம்மா குணமே மாறிப்போச்சு" என்றால் அந்த மாத்திரையையும் சந்தேகியுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தால் கேடு பெரிது. உடம்பு உதறாமல், கண் நிலைகுத்தி, உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓரிரு நிமிடம் வெறித்துப் பார்ப்பதும் ஒருவகை வலிப்புத்தான். அப்படிப் பார்த்தால் கைபேசியில் படம் எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது நூறு மடங்கு உதவும்.

இன்னொன்று பலர் யோசிக்காதது, காது. தலை முழுக்கக் கதிர் வாங்கியவர்களுக்கு நடுக்காதில் நீர் சேர்ந்து, அழுக்கும் இறுகி, கேட்கும் திறன் குறையலாம். சொன்னது காதில் விழாமல் "இன்னா, இன்னா?" என்று மறுபடி கேட்பதை மறதி என்று எடுத்துக்கொள்கிறோம். காது மருத்துவர் ஒருமுறை பார்த்தால் ஐந்து நிமிட வேலை. மனச்சோர்வையும் இதே வரிசையில் வையுங்கள். தலைமுடி போய், வீட்டு வேலையிலிருந்து ஒதுக்கப்பட்டு, மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி பேசாமலிருப்பதற்குக் காரணம் மூளைக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உண்மையான ஞாபகக் குறைவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா எப்போது என்று கேளுங்கள். வைகாசி முதல் நாள் என்பதோடு, முன்பு ஒரு வருஷம் கூட்டத்தில் யார் தொலைந்தார்கள் என்பது வரை சொல்வார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள், தெரியாது. பழையது பத்திரமாக இருக்கும், புதிது ஒட்டாது. அதோடு வேகம் குறையும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறுவார். ரசம் வைப்பது தெரியும், ஆனால் புளி கரைத்தோமா என்பது நடுவில் அறுந்துவிடும். சமையலே மறந்துபோவதில்லை, வரிசைதான் தவறுகிறது. இரண்டு தடவை உப்பு விழுவது இதனால்தான்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் இப்படிச் செய்து குறித்து வையுங்கள். ஐந்து சொற்களை நிதானமாகச் சொல்லுங்கள்: குடை, மஞ்சள், ஆடு, சாவி, ஏணி. திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு வேறு பேச்சுப் பேசி, ஐந்து நிமிடம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை காய்கறிப் பெயர் சொல்கிறார் என்று எண்ணுங்கள். அடுத்த வாரம் வேறு ஐந்து சொற்கள். இதில் ஒரு நாள் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். நான்கு வாரத்தில் தேறி வந்தால் அது நல்ல செய்தி. வாரத்துக்கு வாரம் சரிந்தால் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் மோகா என்ற சோதனை தமிழிலேயே இருக்கிறது, கேட்டுச் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மதிப்பெண் அநியாயமாகக் குறையும்.

வீட்டில் செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். மாத்திரைக்குப் பொறுப்பு ஒரே ஆள். ஏழு நாள் பெட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை நிரப்புங்கள். ஒவ்வொரு வேளையும் அந்த ஆளே எடுத்துக் கொடுத்து, அம்மா விழுங்குவதைப் பார்க்கட்டும். கேஸ் ரெகுலேட்டரை யாராவது வீட்டில் இருக்கும்போது மட்டும் திறங்கள். சமையலை முழுக்கப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். காய் நறுக்குவது, பூ கட்டுவது, அரிசி களைவது என்று வரிசை சிறிதான வேலையாகக் கொடுங்கள். உப்பை அளந்து தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். கிண்ணம் காலியென்றால் போட்டாயிற்று. பகல் தூக்கம் மதியம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெயில் ஏறும் முன் கைபிடித்து இருபது நிமிடம் நடை. வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். ஞாபக சக்திக்கு என்று விற்கும் சூரணங்களைக் கீமோ அல்லது ஹார்மோன் மாத்திரை போய்க்கொண்டிருக்கும்போது மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் காத்திராமல் அன்றே கிளம்ப வேண்டிய நிலைகள் சில உண்டு. காலையில் தலைவலியோடு பீறிடும் வாந்தி, புதிதாக வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், காய்ச்சலோடு உளறல். 108-ஐக் கூப்பிடுங்கள். பஸ் பிடிக்க யோசிக்க வேண்டாம்.

இதைப் படிப்பவர்களில் இன்னும் தொடங்காதவர்கள் இருப்பார்கள். உண்மையில் அதிகம் செய்ய முடிவது அவர்களுக்குத்தான்.

கரண்டே வேண்டாம் என்று ஓடுவது விடையல்ல. 2004-இல் வந்த ஆய்வில், மூளைக்குப் பரவிய 401 பேரைச் சிகிச்சைக்கு முன்பே சோதித்தபோது, 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு சோதனையிலாவது குறைபாடு இருந்தது. கட்டியும் அதைச் சுற்றிய வீக்கமும்தான் ஞாபகத்தின் முதல் எதிரி. கட்டியை விட்டுவைத்தாலும் மறதி வரும். கேட்க வேண்டிய கேள்வி, தலை முழுக்கவா, கட்டிக்கு மட்டுமா என்பது.

எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, எங்கே என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று முதல் மூன்று, நான்கு என்று இருந்தால் கட்டியை மட்டும் குறிவைக்கும் ரேடியோசர்ஜரி பெரும்பாலும் முதல் தேர்வு. 2016-இல் வெளியான சோதனையில் ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ள 213 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று மாதத்தில் சிந்தனைத் திறன் சரிந்தது ரேடியோசர்ஜரி மட்டும் வாங்கியவர்களில் 63.5 சதவீதம், அதோடு முழுத் தலைக்கும் சேர்த்து வாங்கியவர்களில் 91.7 சதவீதம். முழுத் தலைக்கும் கொடுத்ததால் ஆயுளும் நீளவில்லை. 2014-இல் ஜப்பானியர் வெளியிட்ட 1194 பேர் ஆய்வில், ஐந்து முதல் பத்துக் கட்டி உள்ளவர்களும் ரேடியோசர்ஜரி மட்டும் வாங்கி, இரண்டு முதல் நான்கு உள்ளவர்களுக்குச் சமமாகவே உயிர்வாழ்ந்தார்கள்.

ஆனால் ரேடியோசர்ஜரியோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வருகிறது. குறிவைக்காத இடத்தில் புதிய கட்டி முளைக்கலாம். அதனால் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ எடுத்தே ஆக வேண்டும். ஆம்பூரிலோ ஆரணியிலோ இருப்பவருக்கு அது நடக்கும். கூலி வேலை பார்த்துக்கொண்டு ஜவ்வாது மலையிலிருந்து வருபவருக்கு அது நடக்குமா என்று வெளிப்படையாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த முறைக்கு அனுமதி கிடைக்கும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் அன்றே கேட்டுவிடுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனைச் சீட்டு என்றால் டவுன் கட்டடமா, ராணிப்பேட்டை கன்னிகாபுரம் வளாகமா என்பதையும் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். ஆட்டோ காசு மிஞ்சும்.

கட்டிகள் நிறைய இருந்து தலை முழுக்கத்தான் என்றால், ஹிப்போகேம்பஸை விலக்கிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். மெல்லிய அடுக்குகளாக எடுத்த எம்.ஆர்.ஐ-யை, கதிரைத் திட்டமிட எடுக்கும் சி.டி ஸ்கேனோடு பொருத்தி, அந்தப் பகுதியின் மீது விழும் அளவை 30 கிரேயிலிருந்து வெகுவாகக் குறைக்கும் முறை அது. திட்டமிட ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும். அந்த இடத்துக்கு 5 மில்லிமீட்டருக்குள் கட்டி இருந்தாலோ, மூளை உறையில் நோய் பரவியிருந்தாலோ இதைச் செய்யக்கூடாது. 2020-இல் வெளியான 518 பேர் சோதனையில் எல்லோருக்கும் மெமாண்டின் மாத்திரை கொடுத்தார்கள். ஹிப்போகேம்பஸை விலக்கியவர்களுக்குச் சிந்தனைச் சரிவின் ஆபத்து சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

மெமாண்டின் அல்சைமருக்குக் கொடுக்கும் பழைய மாத்திரைதான். சோதனையில் அதை முதல் கரண்ட் நாளையொட்டி, மூன்று நாளுக்குள் தொடங்கினார்கள். முதல் வாரம் காலையில் 5 மில்லிகிராம், இரண்டாவது வாரம் காலை மாலை 5, மூன்றாவது வாரம் காலை 10 மாலை 5, நான்காவது வாரத்திலிருந்து இரு வேளையும் 10, மொத்தம் 24 வாரம். மலச்சிக்கல், தலைசுற்றல் கொஞ்சம் இருக்கும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்குப் பாதி அளவு, அதனால்தான் கிரியேட்டினின் கேட்டேன். எல்லாம் முடிந்து ஏழு வாரம் கழித்துத் தொடங்கினால் அதே பலன் வரும் என்று அந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. குடியாத்தத்து அம்மாவுக்கு வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவரே முடிவுசெய்யட்டும்.

படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிக்கு முழுத் தலைக்கும் கொடுப்பது வேண்டுமா என்றே கேட்கலாம். 2016-இல் வெளியான பிரிட்டன், ஆஸ்திரேலியச் சோதனையில், அறுவைக்கோ ரேடியோசர்ஜரிக்கோ பொருந்தாத நுரையீரல் புற்றுநோயாளிகள் 538 பேரை எடுத்தார்கள். கதிர் வாங்கியவர்கள் வாழ்ந்தது இடைநிலைக் கணக்கில் 9.2 வாரம், ஸ்டீராய்டும் ஆதரவுச் சிகிச்சையும் மட்டும் பெற்றவர்கள் 8.5 வாரம். இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே என்ற மரபணுக்களில் மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோய்க்கு மூளைக்குள் நுழையும் மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. அந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்ற சோதனையின் முடிவு வரும் வரை சிலருக்குக் கதிரைத் தள்ளிவைக்கலாம். விலை அதிகம், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடியைச் செய்ய வரச் சொல்லும் நாளுக்கு முன், மேலே சொன்ன ஐந்து சொல் சோதனையை ஒருமுறை செய்து தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். முன்பு எப்படி இருந்தார் என்று தெரியாமல் பின்பு எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, நாமினி, உயில் எழுத விரும்பினால் இரண்டு சாட்சிகளோடு எழுதுவது எல்லாம் அதே வாரத்தில். முகமூடியைப் பற்றிப் பயம் வேண்டாம். சூடான தண்ணீரில் நனைத்து இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் போர்த்துவார்கள், வெதுவெதுப்பாக இருக்கும், சில நிமிடத்தில் இறுகிவிடும். மூச்சு விடத் துளைகள் உண்டு. அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், கம்மலையும் மூக்குத்தியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.